மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்குந் தொழிலை மேற்கொண்டிருக்கும் நாம், மணியடித்தவுடன் ஒரு வகுப்பிற் புகுந்து, மறுமணியடித்தவுடன் மற்றொரு வகுப்பிற்குச் செல்லும் வழக்கத்திற் பழகியவர்கள். நாற்பது பிள்ளைகளை ஒருங்கே நோக்குகின்றோம். ஒரு பிள்ளையைத் தனியே நோக்கி, அவன் எதனை அறிந்தான், எதனை அறிந்திலன், எதனிடத்து அவன் மனஞ் செல்கின்றது என்று ஆராய்தற்கு நமக்குப் பொழுது கிடைப்பது அரிது. அச்சுப் புத்தகங்கள் அருகியும், பாடத்திட்டமும் பரீட்சையும் இன்றியும் இருந்த காலத்திலே, வீட்டுத் திண்ணையே வித்தியாசாலையாக, ஓராசிரியரே ஒரு கலாசாலையாக இருந்து தமிழ் வளர்த்தார். அத்தகைய தனியாசிரியர்களுள்ளே தலைசிறந்தவர் திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர்களைப் பெரும் புலவரென்றே உலகம் போற்றும். நாமோ அவர்களை ஆசிரியரென்னும் முகத்தானே ஈண்டு நோக்குவோம்.

பிள்ளையவர்களின் தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சியார். தந்தையார் முன்னர் மதுரையில் ஸ்ரீ மீனாட்சியம்மை திருக்கோயிலிலே பணி செய்தவர். பின்னர் அவ்வூரை விட்டுத் திரிசிரபுரத்தைச் சார்ந்த சிற்றூர்களிலே தங்கிப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்து வாழ்ந்தார். அங்கே பவ வருடம் பங்குனி மாதம், 1815ஆம் ஆண்டு ஏப்பிரில் 6ஆம் நாளிலே, பிள்ளையவர்கள் பிறந்தார்கள். மதுரைக் கடவுளர் திருநாமமே குழந்தைக்கு இடப்பட்டது. உபாத்தியாயர் வீட்டிற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையே முதலாசிரியர். நெடுங்கணக்கு முதல் நிகண்டு, சதகம், அந்தாதி, இலக்கணம் என அவர் படிப்படியாகக் கற்பித்தார். அப்பேறு நெடுநாள் நிலைக்கவில்லை. மகனுக்குப் பதினைந்து வயதளவிலே தந்தையார் காலஞ் சென்றார். குடும்பத்தைத் தாங்குங் கடமையும், கல்வியை முடிக்க வேண்டுமென்னும் பெருவேட்கையும் அவ்விளைஞர் மீது ஒருங்கே விழுந்தன.

அதன்பின் அவர்கள் திரிசிரபுரஞ் சென்று வாழத் தொடங்கினார்கள். அந்நாளில் ஒரு நூலைக் கற்க விரும்புவோன் இரண்டு இடர்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது, அந்நூலின் ஏட்டுச் சுவடி எவரிடத்து உள்ளதென்று தேடி, அவரை வேண்டி, இரவல் பெற்று, ஓலை சேர்த்து எழுத்தாணி கொண்டு பிரதி செய்து கொள்ளல் வேண்டும். இரண்டாவது, அதனைப் பாடஞ் சொல்ல வல்லாரைக் கண்டு அவர் மனம் உவக்கும்படி ஒழுகல் வேண்டும். ஒருவர் ஒரு நூலில் வல்லவராயிருப்பார். மற்றொருவர் மற்றொன்றில் வல்லவராயிருப்பார். சிலர் தாம் கற்றதனைப் பிறருக்குச் சொல்லப் பெரிதும் தயங்குவர். பிள்ளையவர்கள் இவ்விரண்டிலும் சிறிதும் சலித்தாரல்லர். கிடைத்த ஏடுகளையெல்லாம் தம் கையால் எழுதிக் கொண்டார்கள். கற்றாரென்று கேள்வியுற்ற இடமெல்லாஞ் சென்று வணங்கிக் கேட்டார்கள். சென்னைக்குப் போயிருந்த காலத்திலே காஞ்சீபுரம் சபாபதி முதலியாரிடமும் பாடங் கேட்டார்கள்.

அவர்கள் தண்டியலங்காரங் கற்ற வரலாறு நம்மனோர் உள்ளத்திற் பதித்துக்கொள்ளத் தக்கது. அணியிலக்கணமாகிய அந்நூலைப் பாடஞ் சொல்ல வல்லார் எவரென்று அவர்கள் தேடிக் கொண்டிருந்த பொழுது, திரிசிரபுரத்துத் தெருக்களிலே பிச்சையேற்று உண்ணும் பரதேசி யொருவர் அதனை நன்கு அறிந்தவரென்று தெரிய வந்தது. அவரோ ஓரிடத்தில் அமர்ந்து பாடஞ் சொல்லும் இயல்பினரல்லர். எளிதிற் பிறருக்கு இணங்குபவருமல்லர். பிள்ளையவர்கள் அவருக்கு வேண்டியனவற்றை வாங்கிக் கொடுத்து, அவர் வீடுதோறும் பிச்சைக்குச் செல்லும் பொழுது உடன் நடந்து, அவர் மனம் இரங்கிச் சொல்லியவற்றைச் செவியால் வாங்கிக் கொண்டார்கள். காண்போர் நகைத்திருத்தலுங் கூடும். அவர்களுக்கு அது நாணத்தக்கதாகத் தோன்றவில்லை. ஒருவர் சோற்றுக்கு இரந்தார். மற்றொருவர் கல்விக்கு இரந்தார். இரண்டனுள் பின்னையதே பெரும்பசி என்பது அவர்கள் துணிபு போலும்.

இவ்வாறு கதவுதோறும் நின்று கல்வியைப் பெற்றவர், பெற்றபின் தம் கதவை அடைத்து வைப்பதே உலகத்து இயல்பு. பட்ட துன்பத்தைப் பிறரும் பட்டறிக என்பார் பலர். பிள்ளையவர்கள் உள்ளம் அதற்கு மாறாகச் சென்றது. தாம் ஏங்கி நின்றதுபோல வேறொரு பிள்ளை ஏங்கி நிற்றலாகாது என்பதே அவர்கள் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட விரதமாயிற்று. பாடங் கேட்க வந்தவனிடம் அவர்கள் பொருள் வேண்டினாரல்லர். வந்தவன் வறியவனாயின் உணவும் உடையும் தாமே அளித்தார்கள். ஏடு இல்லாதவனுக்கு ஏடு கொடுத்தார்கள்.

சாதியும் சமயமும் அவர்கள் பாடத்திற்குத் தடையாகவில்லை. அவர்களோ சிவபூசையும் சைவ சாத்திரப் பயிற்சியும் உடைய உறுதியான சைவர். ஆயினும் அவர்களுடைய மாணாக்கருள்ளே பூவாளூர் தியாகராச செட்டியார் போன்ற சைவரும் இருந்தனர், சவேரிநாத பிள்ளை யென்னுங் கிறிஸ்தவரும் இருந்தனர், நாகூர்க் குலாம்காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் இருந்தனர், பிராமணரும் இருந்தனர். பின்னாளிலே பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவராயினும் அவர்களுக்கு நெருங்கிய நண்பர். அவரைத் தலைவராக வைத்துப் பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடினார்கள். தம் சமயத்தில் உறுதியுடையார்க்குப் பிற சமயத்தார்க்குக் கற்பிப்பதனால் யாதும் குறைவதில்லை யென்பதற்கு இது சான்றாகும்.

செல்வர் வீட்டிலே தங்கிப் பாடஞ் சொல்லுந் தொழிலையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பெங்களூரிலே தேவராச பிள்ளை யென்னுஞ் செல்வர் தமிழ் கற்க விரும்பி அவர்களை அழைத்துத் தம்மிடம் இருத்திக் கொண்டார். பிள்ளையவர்களும் அவருக்குப் பல நூல்களைப் பாடஞ் சொல்லி வந்தார்கள். அத்தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்த குசேலோபாக்கியானம் உண்மையிலே ஆசிரியர் இயற்றியதே என்பது பின்னாளிற் புலப்பட்டது. தாம் பாடியதனை மாணாக்கன் பெயருக்கு உரியதாக்கி விடுதலை இக்காலத்தார் ஒப்பாதொழியலாம். செல்வரை அண்டிப் புலவர் பிழைக்க வேண்டியிருந்த காலத்தின் நிலையையும், தம் புகழில் அவர்களுக்கு இருந்த பற்றின்மையையும் அது ஒருங்கே காட்டுகின்றது.

திருவாவடுதுறை ஆதீனத்தின் தொடர்பு அவர்கள் வாழ்க்கையிற் பெருந்திருப்பமாயிற்று. நம் யாழ்ப்பாணத்து ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுக்கு 1849ஆம் ஆண்டிலே நாவலரென்னும் பட்டத்தை வழங்கிய அவ்வாதீனமே, பிள்ளையவர்களுக்கு மகாவித்துவானென்னும் பட்டத்தை வழங்கித் தன் ஆதீனப் புலவராக அமைத்துக் கொண்டது. பின்னர் அவர்கள் மாயூரத்திலே இல்லம் அமைத்துக்கொண்டு வசித்தும், வேண்டிய பொழுதெல்லாம் திருவாவடுதுறை சென்று தங்கியும் வந்தார்கள். பல ஊர்ப் பிரபுக்களும் தங்கள் தலத்துக்குப் புராணம் பாடித் தரும்படி வேண்டினார்கள். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை முதலிய பிரபந்தங்கள் பலவும் அவர்கள் வாக்கினின்றும் பிறந்தன. அவர்கள் செய்யுளைச் சொல்லிக்கொண்டே போக, அருகிருந்த மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். எழுதுவோர் கை ஓயுமேயன்றிச் சொல்வோர் நா ஓயாது.

1871ஆம் ஆண்டிலே, பதினாறு வயது நிரம்பிய பிராமணப் பிள்ளை யொருவரைத் தந்தையார் வேங்கடசுப்பையர் மாயூரத்திற்கு அழைத்து வந்து பிள்ளையவர்களிடம் ஒப்பித்தார். அப்பிள்ளையே பின்னாளில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் என விளங்கியவர். வேங்கடராமன் என்பதே அவருக்கு இடப்பட்ட பெயர். வேறு பெயர் உண்டோவென ஆசிரியர் வினவி, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே தெரிந்து அழைத்தார்கள். அப்பெயரே உலகில் நிலைத்தது. நாம் இன்று பிள்ளையவர்களின் அன்றாடக் கற்பிக்கும் முறையை அறிய முடிவது இம்மாணாக்கராலேயாம். அவர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் தம் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்.

வந்த புதிதிலே ஆசிரியர் அவருக்குத் தாமே பாடஞ் சொல்லவில்லை. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் கேட்டு வரும்படி பணித்தார்கள். மூத்தார் இளையார்க்குச் சொல்லுதலால் இருவருக்குங் கல்வி உறுதிப்படும் என்பது அந்நாளைய முறை. இளைஞர் உள்ளமோ ஆசிரியர் வாயினின்றே கேட்க வேண்டுமென்று தவித்தது. அதனை வாய்திறந்து சொல்லவும் அச்சம். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகளை அன்போடு வளர்த்து வந்தார்கள். நாடோறும் விடியற்காலையில் அங்கே சென்று எந்தச் செடி புதிதாகத் தளிர்த்திருக்கின்றதென்று பார்ப்பது அவர்களுக்குப் பேரின்பம். இதனை அறிந்த சாமிநாதையர் தாம் முன்னரே எழுந்து தோட்டமெல்லாஞ் சுற்றித் தளிர்களைக் குறித்து வைத்துக் கொண்டு, ஆசிரியர் வரும்பொழுது ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் முகம் மலர்ந்தது. அந்த வேளை பார்த்துத் தமக்குத் தனியே பாடஞ் சொல்லல் வேண்டுமென்று விண்ணப்பிக்க, அவர்களும் இசைந்தார்கள். பரதேசியின் பின் நடந்து பாடம் பெற்றவர்க்கு, தளிர் காட்டிப் பாடம் பெற வந்தவனின் உள்ளம் விளங்காதிருக்குமோ?

பாடம் நடந்த முறையைச் சிறிது விரித்துச் சொல்வோம். மாணாக்கர் ஏட்டை வைத்துக்கொண்டு செய்யுளைப் படிப்பர். ஆசிரியருக்கு ஏடு வேண்டுவதில்லை. நூல் முழுதும் அவர்கள் நினைவில் இருந்தது. எளிய இடங்களிலே சுருங்கப் பொருளுரைத்து மேலே செல்வார்கள். அருமையான இடம் வந்தால் நின்று, சொன்முடிபும் பொருண்முடிபும் காட்டி, அதனோடொத்த கருத்து வேறு நூல்களில் வருமிடங்களை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு செய்யுளையே பலநாள் விரித்துத் தம் புலமையைக் காட்டுதலை அவர்கள் விரும்பவில்லை. பசித்தவனுக்கு வேண்டியது சோறேயன்றி, சோற்றின் பெருமையைப் பற்றிய பிரசங்கமன்று. சாமிநாதையர் முன்னர்ப் பிறரிடத்துச் சிறிது சிறிதாகத் துளிபோலப் பெற்ற கல்வி, இங்கே ஆற்றுப் பெருக்குப்போல வந்தது. திரிபந்தாதிகள், யமகவந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என நூலுக்குப்பின் நூலாகப் பாடம் நடந்தது.

பாடத்திற்கு இன்ன இடம், இன்ன நேரமென்னும் வரையறையில்லை. தோட்டத்திலே நடக்கும், திண்ணையிலே நடக்கும், இரவிலே விளக்கொளியில் நடக்கும், ஆசிரியர் வெளியூர் சென்றால் வழியிலும் நடக்கும். பட்டீச்சுரத்திலே அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்த காலத்திலே, ஆசிரியர் இயற்றிய திருநாகைக்காரோணப் புராணத்தை அவர்களிடமே கேட்கும் பேறு சாமிநாதையருக்குக் கிடைத்தது. நூலாசிரியரே போதகாசிரியராயிருந்து பொருளுரைக்கக் கேட்டல் எத்துணை மாணாக்கர்க்கு வாய்க்கும்? திருவாவடுதுறையிலே தம்பிரான்களும் பிற மாணாக்கரும் சூழ்ந்திருக்கப் பெரிய புராணப் பாடம் நடந்தது. சேக்கிழார் பெருமான்மீது பிள்ளைத்தமிழ் பாடிய பிள்ளையவர்கள் அடியார் சரித்திரங்களைச் சொல்லுங்கால், அது தமிழ்ப்பாடமாக மாத்திரமன்றிச் சிவபுண்ணியமாகவும் அமைந்தது.

மாணாக்கரை அவர்கள் அடித்தலுமில்லை, வன்சொல்லால் இழித்துரைத்தலுமில்லை. பலர் முன்னிலையிலே ஒருவன் பிழையை எடுத்துக் காட்டி நாணச் செய்தலும் இல்லை. ஆயினும் கண்டிக்க வேண்டுமிடத்துக் கண்டிப்பு இருந்தது. மாயூரத்தில் அப்பொழுது நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வசித்து வந்தார். சங்கீதக் குடும்பத்திற் பிறந்த சாமிநாதையர் அவரிடம் சென்று இசை பயிலலானார். ஆசிரியர் அதனை அறிந்து, இசையிலே மனம் பாய்ந்தால் நூலாராய்ச்சியில் உறுதி குறையுமென்று கருதித் தம் கருத்தைத் தெரிவித்தார்கள். மாணாக்கர் அன்றோடு அப்பயிற்சியை நிறுத்தினார். இது தக்கதோ அன்றோ என்று நம்முள் வழக்கிடலாம். மாணாக்கன் ஒருவனின் மனம் எப்பக்கஞ் செல்கின்றதென்று அறிந்திருந்த ஆசிரியரே இங்ஙனம் தடுக்கவும் இயலும் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்துணைப் பெருமையுடையார் வறுமையின் நீங்கினாரல்லர். புராணம் அரங்கேறிய காலத்துப் பிரபுக்கள் கொடுத்த பொருள் வந்த வழியே சென்றது. உடனிருந்து உண்ணும் மாணாக்கர் பலர். உதவி நாடி வருவோர் பலர். இல்லையென்று சொல்ல அறியாத உள்ளம் ஒன்று. கடன் வளர்ந்தது. எண்ணெய் முழுக்கிற்கு வேண்டும் எண்ணெய்தானும் வீட்டில் இல்லாதிருந்த நாளையும் சாமிநாதையரவர்கள் வருத்தத்தோடு குறித்திருக்கின்றார்கள். அந்நாளிலும் பாடம் நின்றதில்லை. தமக்கு வேண்டுவதைக் கேட்க நாணிய அப்பெருந்தகையார், மாணாக்கர் பொருட்டுக் கேட்க நாணவில்லை. நாம் நம் சம்பளத்தைக் குறித்துப் பேசுவது தவறன்று. ஆசிரியன் வறுமையுறுதல் உலகத்திற்குப் பெருமையுமன்று. அவர்கள் காலத்திலே அறிஞர் உழைப்புக்கு ஒழுங்கான ஊதியம் அமையாமையே அக்கடனுக்குக் காரணம். அக்குறையை அவர்கள் மாணாக்கர்மேல் ஏற்றவில்லை யென்பதே நாம் வணங்கத்தக்கது.

1875ஆம் ஆண்டின் இறுதியிலே உடல்நலங் குன்றியது. திருவாவடுதுறையிலே தங்கியிருந்த அவர்களை மாணாக்கர் இரவும் பகலும் பிரியாது பணிசெய்தார்கள். யுவ வருடம் தை மாதம், 1876ஆம் ஆண்டு பெப்ருவரி 1ஆம் நாள் விடியற்காலையிலே, சாமிநாதையர் அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓத, அதனைச் செவிமடுத்துக்கொண்டே பிள்ளையவர்கள் சிவபதமடைந்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது 60. சைவரும் கிறிஸ்தவருமாகிய மாணாக்கர் ஒருங்கே கண்ணீர் வடித்தனர். அவர்கள் விட்டுச் சென்றது கடனும், ஏட்டுச் சுவடிகளும், மாணாக்கர் கூட்டமுமே.

இம்மூன்றனுள் பின்னையதன் பயனைக் காண்போம். கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபொழுது, அவ்விடத்திற்கு ஒரு சாலை மாணாக்கராகிய சாமிநாதையரையே அமர்த்தும்படி முயன்று முடித்தார். ஆசிரியர் ஊட்டிய அன்பு மாணாக்கர் ஒருவரினின்றும் மற்றொருவருக்குச் சென்ற வண்ணம் இதுவாகும்.

அவ்வாண்டிலேயே, அங்கே முனிசீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சாமிநாதையரைக் கண்டு, என்ன நூல்களைக் கற்றீரென வினவினார். அவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணமெனப் பிள்ளையவர்களிடங் கேட்டவற்றை நெடுக அடுக்கிச் சொன்னார். முதலியாரோ வியந்திலர். சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ வென்றார். இல்லையென்றே விடை கூற வேண்டியதாயிற்று. மகாவித்துவானும் அவற்றைப் பாடஞ் சொன்னாரில்லை. அக்காலத்தில் அவை வழக்கொழிந்து ஏட்டளவிலே மறைந்து கிடந்தன.

இஃது ஆசிரியருக்குக் குறையாகுமோவென்று நாம் ஆராய வேண்டும். எவ்வாசிரியரும் தம் காலத்து எல்லையைக் கடந்து எல்லா நூலையும் கற்பித்தல் இயலாது. சாமிநாதையர் அச்சிந்தாமணி ஏட்டைக் கையிலெடுத்த பொழுது சொல்லித்தர ஒருவருமில்லை. ஆனால் ஏட்டைப் பிழையறப் படிக்கும் பழக்கமும், ஒத்த இடங்களை நினைவிற்கொண்டு பொருள் காணும் வழக்கமும், ஒரு சுவடிக்காக ஊர் ஊராய் அலைதலை இழிவென்று கருதாத உள்ளமும் அவரிடம் இருந்தன. இவையெல்லாம் மாயூரத்துத் தோட்டத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் பெற்றவை. சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் அவரால் அச்சேறின. பிள்ளையவர்கள் கற்பியாத நூல்களே அவர்கள் கற்பித்தலின் பெரும்பயனாயின.

அவர்கள் பாடிய புராணங்களை இன்று படிப்போர் சிலரே. தங்கள் பெயர் அவற்றாலேயே நிலைக்குமென்று அவர்களும் அவர்களைப் போற்றிய பிரபுக்களும் எண்ணியிருக்கலாம். ஒரு பிள்ளைக்கு நாடோறும் பாடஞ் சொல்லுதலாகிய, எவரும் அரங்கேற்றாத, எவரும் பொன்னாடை போர்த்தாத சிறுபணியே அவர்கள் பெயரை இன்று தமிழுலகெங்கும் நிறுத்தியிருக்கின்றது.

சைவாசிரியர்களே! நம் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் நாம் கேளாமலே செடியின் தளிரைக் காட்டிக்கொண்டு நம் அருகே நிற்றல் கூடும். அவன் வேண்டுவது யாதென்று ஒரு கணம் நின்று வினவுவோமாக. பள்ளி விட்டபின் அரைமணி நேரம் அவனுக்கென்று ஒதுக்குவோமாக. அவன் கையில் நாம் காணாத ஏடு எதுவுளதோ, யாரறிவார்?